கன்று வீசிய மாடு, குட்டி தள்ளிய ஆடு: விற்பதா, வைத்துக்கொள்வதா, சோதித்துப் பார்ப்பதா?

"அஞ்சரை மாசச் சினைங்க. ராத்திரி நல்லாத்தான் படுத்திருந்துச்சு. விடிஞ்சு போய்ப் பாத்தா கன்னு கீழ கிடக்கு, மாடு பாட்டுக்கு வைக்கோல் தின்னுக்கிட்டு நிக்குது. வர்ற சந்தைக்கு ஓட்டிவிட்டுறவா?"

புதுவயல் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டது இது. அதே மாதம் பள்ளத்தூர்ப் பக்கம் ஆடு வளர்க்கும் அக்கா ஒருவர், 18 வெள்ளாட்டில் 4 அடுத்தடுத்துக் குட்டி தள்ளிவிட்டதாகச் சொன்னார். "பட்டியையே மாத்திட்டு வேற ஆடு வாங்கிரலாமா தம்பி?" என்று கேட்டார்.

இருவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுக்கொன்று நேர் எதிர். தம்பியிடம், சோதனை நான் சந்தேகப்படுகிறபடி வந்தால் அந்த மாட்டின் வம்சத்தைப் பெருக்க வேண்டாம் என்றேன். அக்காவிடம், என் சந்தேகம் சரியென்றால் குட்டி தள்ளிய அந்த 4 ஆட்டைத்தான் விற்கவே கூடாது என்றேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே இழப்புதான். உள்ளே இருக்கும் ஒட்டுண்ணி வேறு, அதனால் கணக்கும் வேறு. இது தெரியாமல் செட்டிநாட்டுப் பக்கம் எத்தனையோ பேர் வைத்துக்கொள்ள வேண்டியதை விற்கிறார்கள், விலக்க வேண்டியதைப் பெருக்குகிறார்கள். நானும் அப்படி ஒருமுறை செய்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. மாடு 7 மாதத்துக்கு மேல் கன்று வீசினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது புரூசெல்லா. நம் ஊரில் 'கன்று வீச்சு நோய்' என்றே அதற்குப் பெயர். அது ஒட்டுண்ணி இல்லை, பாக்டீரியா. காய்ச்சாத பால் வழியாகவும், வெறுங்கையால் நஞ்சுக்கொடியைத் தொடுவதாலும் மனிதருக்கும் வரும். எந்த மாதத்தில் கரு போனாலும் இந்தச் சோதனையை முதலில் முடித்துவிடுங்கள். 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு அரசு இலவசமாகப் போடும் தடுப்பூசியையும் விட்டுவிடாதீர்கள். ஆயுளுக்கு ஒருமுறை போட்டால் போதும்.

## எதை வைத்து எடை போடுவது

விலையை மட்டும் பார்த்தால் எப்போதும் 'விற்றுவிடு' என்றுதான் தோன்றும். நான் பார்ப்பது ஐந்து விஷயம்.

ஒன்று, இதே கால்நடை அடுத்த சினையிலும் கருவை இழக்குமா? இரண்டு, பக்கத்தில் நிற்கும் மற்றவற்றுக்கு எந்த வழியில் பரவும்? மூன்று, தாயிடமிருந்து கன்றுக்கு இறங்கி வம்சமாகத் தொடருமா? நான்கு, வீட்டு மனிதருக்கு, முக்கியமாகக் கர்ப்பிணிக்கு, ஆபத்து உண்டா? ஐந்தாவதுதான் பணம். அதில் தீவனச் செலவோடு காலத்தையும் சேர்க்க வேண்டும். ஐந்தாம் மாதத்தில் கன்று வீசிய மாட்டுக்கு இரண்டு மூன்று மாதம் கர்ப்பப்பை தேற வேண்டும், பிறகு 9 மாதத்துக்கு மேல் சினை. ஆக, கன்று கையில் வர இன்னும் ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். அந்த ஒரு வருஷத்துக்கும் தீனி போட்டாக வேண்டும்.

## முதல் வழி: விற்றுவிடுவது

இதிலிருக்கும் நன்மை உடனே தெரியும். கையில் காசு வரும், தீனிச் செலவு நிற்கும், மனக்கஷ்டம் கண்ணை விட்டுப் போகும்.

மறைந்திருக்கும் செலவை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எட்டு வருஷத்துக்கு முன் எங்கள் பட்டியில் 14 பெட்டை. ஐப்பசி மழை முடிந்த கையோடு 5 ஆடு குட்டி தள்ளின. மூன்றாம் மாதம், நாலாம் மாதம் என்று ஒவ்வொன்றாக. ஒரு ஆட்டில் வெளியே வந்தது குட்டியே இல்லை, காய்ந்து சுருங்கிய கட்டை போல ஏதோ ஒன்று. பயந்துபோய் ஐந்தையும் வியாபாரியிடம் தள்ளிவிட்டு, 6 இளம் பெட்டைகளை வாங்கிவந்தேன். அடுத்த வருஷம் அந்த 6 புது ஆட்டில் 3 குட்டி தள்ளின. பழைய 9 ஆடும் ஒழுங்காக ஈன்றன.

அப்போதுதான் கால்நடை மருத்துவர் பட்டியைச் சுற்றிப் பார்த்தார். நேராகக் கடலைக்கொடிப் படப்புக்குப் போய்க் கையை விட்டு விலக்கினார். உள்ளே பூனை குட்டி போட்டு வளர்த்த இடம், மெத்தை போல அமுங்கிக் கிடந்தது. ஓரத்தில் மண்ணைக் கீறி மூடிய பூனைப் பீ. அந்தக் கொடியைத்தான் தினமும் அள்ளிச் சினை ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி முட்டை போன்ற தன் வித்துக்களை வெளியேற்றுவது பூனை இனத்தின் குடலிலிருந்து மட்டும்தான். பொதுவாக வேட்டையாடப் பழகும் இளம்பூனை முதல்முறை தொற்றும்போது ஒன்றிரண்டு வாரத்துக்கு லட்சக்கணக்கில் கொட்டும். ஈர மண்ணில் அவை ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். நம் சித்திரை வெயிலும் காய்ந்த மண்ணும் அவற்றுக்கு ஆகாது. நிழலில் ஈரம் காக்கும் படப்பு நன்றாகவே ஆகும்.

இங்கேதான் கணக்கு திரும்புகிறது. இதுவரை இந்தக் கிருமியைக் காணாத ஆடு சினையாக இருக்கும்போது முதல்முறை தொற்றினால் கரு போகும். ஒருமுறை தொற்றித் தேறிய ஆட்டுக்கு எதிர்ப்பு சக்தி வந்துவிடும், அடுத்த சினையைப் பெரும்பாலும் ஒழுங்காகவே சுமக்கும். வெள்ளாட்டில் அரிதாக விதிவிலக்கு உண்டு, செம்மறியில் அதுவும் குறைவு. நான் விற்ற 5 ஆடும் நோயைத் தாண்டி வந்தவை. வாங்கிய 6 ஆடும் அதை அறியாதவை. காசைக் கொடுத்து எதிர்ப்பு சக்தியை வெளியே அனுப்பிவிட்டு, அதே படப்பின் முன்னால் புதிதாக ஆறு பேரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

பூனைகளை அடித்து விரட்டுவதும் இதே தவறுதான். தொற்றித் தேறிய கிழப்பூனை மறுபடி வித்துக்களைக் கொட்டுவது அரிது. அதை விரட்டினால் அந்த இடத்துக்கு இளம்பூனை வரும். கானாடுகாத்தான், கோட்டையூர்ப் பக்கம் வருஷம் முழுதும் பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகளின் வளவிலும் பின்கட்டிலும் பூனை பெருகுவதை யாரும் தடுக்க முடியாது. வளர்ந்த ஒன்றிரண்டு பூனைக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்து வைத்துக்கொள்வதும், படப்பைத் தார்ப்பாய் போட்டு இறுக்குவதும்தான் நிலைக்கும் வழி.

சரி, விற்பது எப்போது சரி? வம்சமாக இறங்கும் நோய் என்று உறுதியான மாட்டில், அல்லது இனச்சேர்க்கையில் பரப்பும் காளையில். அப்போதும் இன்னொருவர் தொழுவுக்குச் சினைமாடு என்று சொல்லி விற்பது நோயை ஊர் மாற்றுவதுதான். வாங்குபவர் வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் பாலை நம்பித்தான் இருக்கிறார்கள். கன்று வீசிய விவரத்தைச் சொல்லி விற்கிறபோது விலை குறையும். அந்தக் குறைவையும் இந்த வழியின் செலவில் சேர்த்துப் பாருங்கள்.

## இரண்டாம் வழி: வைத்திருந்து அடுத்த ஈற்றைப் பார்ப்பது

ஆட்டுக்கு இது நல்ல வழி என்று இதற்குள் புரிந்திருக்கும். காய்ச்சலால் கரு போன மாட்டுக்கும் நல்ல வழியே. உண்ணி வழியாக வரும் தைலேரியா, பபேசியா, கடிக்கும் ஈக்கள் வழியாக வரும் சர்ரா ஆகிய மூன்றும் ரத்த ஒட்டுண்ணிகள். இவற்றில் மாடு கண்ணுக்குத் தெரிந்தே நோயுறும். கடும் காய்ச்சல், கழுத்திலும் தொடையடியிலும் நெறிகட்டு, காப்பி நிறத்தில் மூத்திரம், சர்ராவில் சுற்றிச் சுற்றி வருவது என்று அறிகுறி இருக்கும். தைலேரியாவும் பபேசியாவும் நாட்டுமாட்டைவிடக் கலப்பின மாட்டை அதிகம் வாட்டும். மூன்றுக்கும் மருந்து உண்டு. நேரத்தோடு ஊசி போட்டுத் தேற்றினால் அதே மாடு மறுபடி சினை தாங்கும், விற்க வேண்டிய காரணமே இல்லை.

இந்த வழி காலை வாரிவிடுவது நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணியில். தம்பியின் மாட்டைப் பற்றி எனக்கு வந்த சந்தேகம் இதுதான். மாடு நோயே படாது. காய்ச்சல் இல்லை, தீனி குறையாது, பாலும் பெரும்பாலும் குறையாது. பெரும்பாலும் 5, 6 மாதத்தில் கன்று மட்டும் போகும். இந்த ஒட்டுண்ணியை 1984ல் நார்வேயில் நாய்க்குட்டிகளிடம்தான் முதலில் கவனித்தார்கள். பெயர் வைத்தது 1988ல். பரப்புவது நாய் என்று கண்டுபிடித்தது 1998ல். நம் பெரியவர்களின் மாட்டு வைத்தியத்தில் இது இல்லாததற்குக் காரணம் இதுதான், அவர்கள் குறை இல்லை. நம் நாட்டு மாடுகளிலும் எருமைகளிலும் இதற்கான எதிர்ப்பொருள் (தொற்றை எதிர்த்து உடம்பு ரத்தத்தில் உண்டாக்கும் பொருள்) சோதனைகளில் பதிவாகியிருக்கிறது.

ஒருமுறை தொற்றினால் ஆயுள் முழுக்க உடம்பில் இருக்கும். மருந்து கிடையாது, நம் கைக்கு வரும் தடுப்பூசியும் கிடையாது. தொற்றிய மாடு மறுபடி கன்று வீச மற்ற மாட்டைவிட வாய்ப்பு அதிகம். இதைவிடப் பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாதது: கன்று வீசாமல் நல்லபடி ஈன்றாலும், பிறக்கும் கன்றுக்குப் பெரும்பாலும் தொற்று இறங்கியிருக்கும். கன்று துள்ளி விளையாடும், அழகாக வளரும். நாம் ஆசையாகக் கிடேரியை வளர்த்து மூன்று வருஷம் தீனி போடுவோம். அதுவும் ஆறாம் மாதம் கன்று வீசும்.

நாய்க்கு இது எப்படிப் போகிறது என்றால், நம் கைவழியாகத்தான். மாடு ஈன்றதும் இளங்கொடியை வைக்கோல் பிரியில் சுற்றிச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது நம் வழக்கம். பால்மரத்தில் கட்டினால் பால் ஊறும் என்பது நம்பிக்கை. உயரத்தில் கட்டியதால் ஒரு காலத்தில் நாய்க்கு எட்டாமல் இருந்திருக்கும். இப்போது எங்கள் கண்மாய்க்கரை ஆலமரத்தடியில் நின்று பாருங்கள். தாழ்ந்த விழுதில் அவசரமாகக் கட்டிய பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் பொடிந்து ஒரு வாரத்தில் கிழிகிறது. கீழே நாலு நாய் காத்திருக்கும். தொற்றுள்ள இளங்கொடியைத் தின்ற நாய், வைக்கோலிலும் தண்ணீர்த் தொட்டி ஓரத்திலும் கழியும்போது வித்துக்கள் மறுபடி மாட்டின் வாய்க்கே வந்துசேரும். நல்லபடி ஈன்ற மாட்டுக்கு வழக்கத்தை விட மனமில்லை என்றால் உயரக் கட்டுங்கள், துணிச்சாக்கில் இறுக்கிக் கட்டுங்கள். கன்று வீசிய மாட்டின் இளங்கொடியையும் கன்றையும் மட்டும், சோதனைக்கு வேண்டியதை எடுத்தபின், நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தே ஆக வேண்டும்.

## மூன்றாம் வழி: சோதித்துவிட்டு முடிவெடுப்பது

என் மனம் இந்தப் பக்கம்தான். ஆனால் இதிலும் சிரமம் உண்டு.

முதல் சிரமம் நேரம். விழுந்த குட்டியும் நஞ்சுக்கொடியும் நம் வெயிலில் சில மணி நேரத்தில் அழுகிவிடும், அழுகியதை வைத்து ஆய்வகம் எதுவும் சொல்ல முடியாது. காலையில் பார்த்தவுடன் கையுறை போட்டு, உறையில்லாவிட்டால் இரண்டு பாலிதீன் பையைக் கையில் மாட்டி, குட்டியை முழுதாகவும் நஞ்சுக்கொடியைப் பொத்தான் தடிப்புகளோடும் தனித்தனிப் பையில் போட்டு, தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் வைத்து மூடுங்கள். குளிர வைக்க வேண்டும், உறைய வைக்கக் கூடாது. டாக்ஸோபிளாஸ்மா என்றால் அந்தப் பொத்தான் தடிப்புகளில் கேழ்வரகு அளவில் சிறிய வெள்ளைப் புள்ளிகள் தெரியலாம், இடையில் உள்ள சவ்வு சுத்தமாக இருக்கும். இதைக் கண்ணால் பார்த்தே முடிவு கட்டக் கூடாது, மருத்துவரிடம் சொல்ல உதவும்.

பிறகு உள்ளூர் கால்நடை மருந்தகம். மருத்துவர் ரத்தம் எடுத்து, மாவட்ட நோய் புலனாய்வுப் பிரிவு வழியாகவோ ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்துக்கோ அனுப்புவார். ஓட்டிப்போக முடியாத மாடு என்றால் 1962 எண்ணுக்குக் கூப்பிட்டால் நடமாடும் மருத்துவ வண்டி வரும்.

இரண்டாம் சிரமம், முடிவைப் படிப்பது. 'பாசிட்டிவ்' என்று ஒரு தாள் வந்ததும் அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. எதிர்ப்பொருள் இருப்பது 'எப்போதோ தொற்றியது' என்பதை மட்டும் சொல்லும். அதனால் கரு இழந்த ஒன்றின் ரத்தம் மட்டும் போதாது, ஒழுங்காக ஈன்ற சிலவற்றின் ரத்தமும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை எடுத்து அளவு ஏறுகிறதா என்று பார்த்தால் இன்னும் தெளிவு. ஒற்றை மாட்டுக்காகப் போய் நாலு மாட்டுக்கு ரத்தம் எடுப்பது வீண் செலவாகத் தோன்றும். அந்த ஒப்பீடு இல்லாவிட்டால்தான் முதல் செலவும் வீண்.

நியோஸ்போராவில் இன்னொரு நல்ல வாய்ப்பு உண்டு. கன்று பிறந்ததும் சீம்பால் குடிக்கும் முன் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துவிட்டால், தாயிடமிருந்து இறங்கியதா என்று அப்போதே தெரியும். சீம்பால் குடித்துவிட்டால் தாயின் எதிர்ப்பொருளும் கலந்துவிடும். மருத்துவர் வரத் தாமதமானால் சீம்பாலை நிறுத்திவைக்காதீர்கள். கன்றின் உயிர் அதில்தான் இருக்கிறது, சோதனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு ஆடு, ஒரே ஒரு முறை, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றால், புரூசெல்லாவை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாம் வழியிலேயே போகலாம். ஒரே பருவத்தில் இரண்டு மூன்று போனால், அல்லது ஒரே மாடு இரண்டு முறை வீசினால், சோதிக்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

| கிருமி | அறிகுறி | மறுபடி இழக்குமா | குட்டிக்கு இறங்குமா | மனிதருக்கு | முடிவு |
|---|---|---|---|---|---|
| டாக்ஸோபிளாஸ்மா (ஆடு) | குட்டி தள்ளுதல், காய்ந்த கரு, நோஞ்சான் குட்டி | பெரும்பாலும் இல்லை | அந்தச் சினையில் உண்டு | கர்ப்பிணிக்கு ஆபத்து | வைத்துக்கொள்ளலாம் |
| நியோஸ்போரா (மாடு) | 5, 6 மாதத்தில் கன்று வீச்சு, மாடு நலம் | வாய்ப்பு அதிகம் | பெரும்பாலும் இறங்கும் | பரவுவதாக நிரூபணமில்லை | பாலுக்கு வைக்கலாம், வம்சத்துக்கு வேண்டாம் |
| டிரைகோமோனாஸ் (காளை வழி) | சினை நிற்காமை, தள்ளிப்போகும் பருவம், சீழ் | மாடு சில மாதத்தில் தேறும் | இல்லை | பொதுவாக இல்லை | மாட்டுக்கு ஓய்வு, காளையை விலக்கு |
| ரத்த ஒட்டுண்ணிகள் | காய்ச்சல், நெறிகட்டு, நிற மூத்திரம் | சிகிச்சை தந்தால் குறைவு | அரிது | பொதுவாக இல்லை | சிகிச்சை தந்து வைத்துக்கொள்ளலாம் |

## காளையா, சினை ஊசியா?

டிரைகோமோனாஸ் என்பது இனச்சேர்க்கையில் பரவும் ஒட்டுண்ணி. அது வந்த இடத்தில் பசுவை விற்பதா என்ற கேள்வியே தவறு. அது காளையின் உறுப்பு உறையின் மடிப்புகளில் குடியிருந்துகொண்டு, சேரும் ஒவ்வொரு மாட்டுக்கும் போகிறது. வயது ஏற ஏற மடிப்பு ஆழமாகும், கிருமி நிலைக்கும். காளையில் வெளியே எதுவும் தெரியாது. 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வர வேண்டிய மாடுகள் 35 நாள், 50 நாள் என்று தாறுமாறாக வந்தால், அதுவும் ஒரே காளைக்குச் சேர்ந்த மாடுகள் என்றால், சந்தேகம் காளை மேல்தான் விழ வேண்டும். மாடு மூன்று பருவம் சேர்க்காமல் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தானே தேறிவிடும்.

நம் ஊர்களில் இது வெறும் மருத்துவப் பிரச்சினை இல்லை. பொலிகாளையாக ஊரைச் சுற்றுவது பல இடங்களில் கோயில் மாடு. சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு அலங்கரித்து மாலை போட்டு அனுப்பும் மாட்டைப் போய் 'விலக்கு' என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. விற்கவோ அடிமாட்டுக்கு அனுப்பவோ தேவையுமில்லை. அது கோயில் மாடாகவே இருக்கட்டும், நம் பசுக்களோடு சேராமல் மட்டும் பார்த்துக்கொள்ளலாம். பசுவுக்குச் சினை ஊசி. சோதித்த காளையின் உறைவிந்து என்பதால் இந்த வழியில் கிருமி வராது. இதற்கு ஆகும் மறைமுகச் செலவு நம் கவனம்தான். காலையில் பருவம் தெரிந்தால் மாலையில், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் ஊசி. வேலைக்குப் போகிற வீட்டில் இந்த நேரம் தவறி, இரண்டு மூன்று பருவம் வீணாவதை நிறையப் பார்க்கிறேன்.

புலிக்குளம் கிடைமாடு வைத்திருப்பவர்களுக்குக் காளையே பொருத்தம். நூற்றுக்கணக்கில் ஊர் ஊராகப் போகும் மந்தையில் ஒவ்வொரு மாட்டின் பருவத்தையும் பார்த்து ஊசி போட முடியாது. அவர்கள் இளங்காளையைப் பொலிக்கு விடுவதும், பழைய காளைக்கு வாரம் ஒருமுறையாக மூன்று முறை உறைக் கழுவுநீர் சோதனை செய்வதும் நல்லது.

## அந்த இருவருக்கும்

அக்காவின் ஆடுகளுக்குப் புரூசெல்லா இல்லை, டாக்ஸோபிளாஸ்மா என்று வந்தது. குட்டி தள்ளிய 4 ஆடும் இப்போதும் அவர் பட்டியில்தான் நிற்கின்றன. நான் அழுத்திச் சொன்னது ஆட்டைப் பற்றி அல்ல. அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தது. ஆடு ஈனும்போது குட்டியை வாங்கித் துடைப்பது சின்ன வயதிலிருந்து அந்தப் பிள்ளையின் வேலை. பேறுகாலம் முடியும் வரை பட்டிப் பக்கம் போகக் கூடாது, ஆட்டுப்பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது, ஈரலை அரைவேக்காட்டில் தொடக் கூடாது என்று அந்தப் பிள்ளையிடமே சொல்லிவிட்டு வந்தேன். கர்ப்பத்தில் முதல்முறை தொற்றினால் வயிற்றுக் குழந்தையின் கண்ணையும் மூளையையும் அது தொடும்.

தம்பியின் மாட்டுக்கு ரத்தம் எடுக்கும்போது, அதே மாட்டின் இரண்டு வயதுக் கிடேரிக்கும் எடுக்கச் சொன்னேன். தாய்க்கு நியோஸ்போரா இருக்கிறது. கிடேரிக்கு இல்லை. அப்படியென்றால் அந்தக் கிடேரியைச் சுமந்தபோது தாய்க்குத் தொற்று இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. பரம்பரையாக வந்ததாகத் தெரியவில்லை, பிறகு இந்தத் தொழுவிலேயே வந்திருக்கிறது. கிடேரியை வம்சத்துக்கு வைத்துக்கொள்ளலாம், தாயைப் பாலுக்கு வைத்துக்கொள்ளலாம், இனி தாய் ஈனும் கன்றுக்குச் சீம்பாலுக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து போய், வைக்கோல் படப்பில் சுருண்டு படுத்திருந்த நாயை எழுப்பி வெளியே கூட்டிவந்து வேப்பமரத்தில் கட்டினார். போன மாசிக்குப் பக்கத்து வீட்டு மாடு ஈன்ற இளங்கொடியை அது இழுத்துவந்து அங்கேதான் தின்றதாம்.